விற்காமல் போன கிட்டாரும் எண்ணி விற்கிற கிட்டாரும்

பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறை. தரையில் பாயை விரித்து, அதன் மேல் பழுப்பு நிறக் கேஸ் ஒன்றைப் படுக்கவைத்துத் திறந்தார் அண்ணாச்சி. உள்ளே இளஞ்சிவப்புத் துணி மெத்தை. மூடி திறந்ததும் நெயில் பாலிஷ் வாடை லேசாக வந்தது. கிட்டாருக்குப் பூசிய நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரும் நெயில் பாலிஷும் ஒரே குடும்பம், அதனால்தான்.

"எடுத்துப் பாருங்க தம்பி. பெல்ட்டு பக்கிள் மட்டும் பட்டுராம" என்றார்.

கிப்சன் கம்பெனியின் லெஸ் பால் என்ற மின்சாரக் கிட்டார், 1959 மாடல். மாடலுக்குத்தான் அந்த வருடம். கிட்டார் பிறந்தது அதற்குப் பல பத்தாண்டு கழித்து. பெங்களூரில் ஒருவரிடம் பழசாக வாங்கியிருக்கிறார். விலையை என்னிடம் சொன்னார். மதினியிடம் சொன்ன விலை வேறு. இதுபோன்ற கிட்டாரோடு ஒரு சிறு புத்தகமும் எண் போட்ட சான்றிதழும் வரும். முதலில் வாங்கியவர் வீடு மாறும்போது அதைத் தொலைத்துவிட்டாராம். "எந்த வருசத்துதுன்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்" என்றுதான் என்னைக் கூப்பிட்டிருந்தார். அதைக் கண்டுபிடிப்பது பெரிய வேலை இல்லை. ஆனால் ஏன் அந்த வருடம் முக்கியம், 1959 என்று பெயர் வைத்துப் புதிதாகச் செய்த பொருளுக்கு ஏன் இத்தனை பணம் என்று கீழே காபி குடிக்கும்போது மதினி கேட்டார்கள். அது நியாயமான கேள்வி.

நெல்லைச் சீமைக்கு மின்சாரக் கிட்டார் இரண்டு வாசல் வழியாக வந்தது. ஒன்று சர்ச்: ஞாயிறு ஆராதனை, கேரல் ரவுண்ட்ஸ், கன்வென்ஷன் மேடை. இன்னொன்று கோயில் கொடை. அங்கே வில்லுப்பாட்டுக்கு ஒரு ராத்திரி என்றால் மெல்லிசைக் கச்சேரிக்கு ஒரு ராத்திரி. இரண்டு இடத்திலும் கிட்டார் என்பது உழைக்கிற சாமான். மழையில் நனையும், டெம்போவில் உருளும், அடுத்தவன் கைக்குப் போகும். அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சேகரிப்பதெல்லாம் நம் பக்கம் புதுசு. அப்படிச் சேர்ப்பவர்களும் பெரும்பாலும் அந்த மேடைகளில் வாசித்து வளர்ந்தவர்கள்தான். போஸ்டரில் பார்த்து ஏங்கிய கிட்டாரை, பிள்ளைகள் தலையெடுத்த பிறகு வாங்குகிறார்கள்.

அண்ணாச்சியிடம் இருப்பது ரீஇஷ்யூ. அது டூப்ளிகேட் இல்லை. ஒரு கம்பெனி தான் முன்பு செய்த மாடலை, அதே அளவு, அதே பூச்சு, முடிந்தவரை அதே சாமான் போட்டுத் திரும்பச் செய்வது. திரும்பச் செய்ய வேண்டிய அவசியம் ஏன் வந்தது என்பதில்தான் கதை இருக்கிறது.

கிப்சன் 1952இல் லெஸ் பாலைத் தங்க நிறத்தில் கொண்டுவந்தது. 1958இல் நிறத்தை மாற்றி, நடுவில் மஞ்சளும் ஓரத்தில் சிவப்புமாகச் செய்தார்கள். அதைத்தான் இன்று 'பர்ஸ்ட்' என்கிறார்கள். கடைக்காரர்களைப் பொறுத்தவரை அது ஓடாத சரக்கு. 1958 முதல் 1960 வரை மூன்று ஆண்டிலும் சேர்த்து சுமார் 1,500தான் செய்திருப்பார்கள். விலை 300 டாலருக்குள். 1961இல் அந்த உருவத்தையே கைவிட்டு, இரண்டு கொம்பு வைத்த மெல்லிய உடலுக்கு மாறினார்கள். அதுதான் பிறகு எஸ்ஜி ஆனது. அப்புறம் பிரிட்டனில் கீத் ரிச்சர்ட்ஸ், எரிக் கிளாப்டன் போன்ற இளவட்டக் கிட்டார்க்காரர்கள் 1960களின் நடுவில் அந்தப் பழைய கிட்டார்களைக் கையில் எடுத்தார்கள். கிளாப்டன் 1966இல் அதை மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் செருகிச் சத்தமாக வைத்து வாசித்தபோது வந்த தடித்த நாதத்தைக் கேட்டு ஊரே அதைத் தேட ஆரம்பித்தது. 1968இல் கிப்சன் லெஸ் பாலைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆனால் வந்தது அந்த 1959 கிட்டார் இல்லை. அதை அச்சாகத் திரும்பச் செய்ய முறையாக இறங்கியது 1993இல். இன்று அசல் பர்ஸ்ட் ஒன்று பல லட்சம் டாலர்.

மதினிக்கு நான் சொன்னது இதைத்தான்: அது அரிதாகப் போனதில் யாருடைய சாமர்த்தியமும் இல்லை. அன்றைக்கு விற்கவில்லை, நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு பெரிய கிட்டார் கம்பெனியான ஃபெண்டரின் கதை வேறு மாதிரி. லியோ ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர்க்காரர். அவருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது. 1950இல் பிராட்காஸ்டர், பெயர்த் தகராறால் மறு வருடமே அது டெலிகாஸ்டர், 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர். 1965 ஜனவரியில் கம்பெனியை சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனத்திடம் 1.3 கோடி டாலருக்கு விற்றுவிட்டார். அதன்பின் உற்பத்தி கூடியது, தரம் இறங்கியது என்று வாசிப்பவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். "சிபிஎஸ்ஸுக்கு முந்தினதா?" என்ற கேள்வி பழைய கிட்டார் சந்தையில் ஜாதகம் கேட்பது மாதிரி ஆனது. 1970களின் கடைசியில் ஜப்பானில் டோக்காய், கிரெக்கோ போன்ற கம்பெனிகள் 1950களின் கிட்டார்களை அப்படியே நகலெடுத்து, அசல் கம்பெனி அப்போது செய்துகொண்டிருந்ததைவிட நன்றாகச் செய்தன. ஃபெண்டருக்கு ரோசம் வந்தது. பழைய கிட்டார்களைத் தேடிப்போய் அளவெடுத்து, 1982இல் தன் பழைய மாடல்களைத் தானே திரும்பச் செய்தது: 1952 டெலிகாஸ்டர், 1957, 1962 ஸ்ட்ராட்டோகாஸ்டர்கள். அதே வருடம் ஜப்பானிலேயே ஃபெண்டர் ஜப்பான் தொடங்கி, நகல் எடுத்தவர்கள் ஊரிலேயே அசல் பெயரோடு கிட்டார் செய்ய ஆரம்பித்தது. அவற்றின் சீரியல் எண் 'ஜேவி' என்று தொடங்கும்.

1985இல் சிபிஎஸ் ஃபெண்டரை அதன் நிர்வாகிகளிடமே விற்றது. கம்பெனி கைமாறியது, ஃபுல்லர்டன் ஊரிலிருந்த தொழிற்சாலை சேர்ந்து வரவில்லை. புதுத் தொழிற்சாலை நிமிரும்வரை சரக்கில் பெரும்பகுதி ஜப்பானிலிருந்துதான் வந்தது. அதனால் 1982க்கும் 1984க்கும் இடையில் ஃபுல்லர்டனில் செய்த ரீஇஷ்யூக்கள் கொஞ்சம்தான். இப்போது சேகரிப்பவர்கள் அவற்றைத் தனியாகத் தேடுகிறார்கள். ஜேவி எண் போட்ட ஜப்பான் கிட்டார்களையும் அப்படித்தான். செய்தபோது இரண்டின் மேலும் யாரும் 'லிமிடெட்' என்று முத்திரை குத்தவில்லை. வேடிக்கை என்னவென்றால், 2022இல் ஃபெண்டர் அந்த ஜேவி எழுத்துகளையே பெயரில் வைத்து ஒரு வரிசையை வெளியிட்டது. நகலுக்கும் நினைவுநாள் வந்துவிட்டது.

இனி எண்ணி விற்கிற கிட்டாருக்கு வருவோம். கிளாப்டன் பல பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்களின் பாகங்களைச் சேர்த்து ஒரு கறுப்புக் கிட்டார் வைத்திருந்தார். அதன் பெயர் பிளாக்கி. 2004இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 9,59,500 டாலருக்குப் போனது. 2006இல் ஃபெண்டர் அதைத் தழும்பு தழும்பாக நகலெடுத்து 275 கிட்டார் செய்தது. ஒன்றின் பட்டியல் விலை 24,000 டாலர். அத்தனை விலையிலும் நின்று நிதானித்து விற்க வேண்டியிருக்கவில்லை. இங்கே எண்ணிக்கை முதலில் தீர்மானமாகிறது, கிட்டார் பிறகு வருகிறது. ஒருவர் சிகரெட் செருகிவைத்துத் தீய்ந்துபோன இடம்கூட 275 தடவை அச்சாகிறது.

எண் போட்டு, மொத்தம் எத்தனை என்று சொல்லி விற்பதையாவது ஒத்துக்கொள்ளலாம். 'லிமிடெட் எடிஷன்' என்று மட்டும் எழுதி எத்தனை என்று சொல்லாமல் விடுவது, 'ஸ்டாக் உள்ளவரை' என்று துணிக்கடை வாசலில் எழுதுவதற்குச் சமம். ஒரு கடைக்காக மட்டும் செய்த கிட்டார், ஒரு வருடம் மட்டும் அடித்த நிறம் என்றெல்லாம் வரும். நிறத்துக்காகக் கூடுதல் விலை கொடுப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், பட்டுப்புடவை எடுக்கப் போனால் நாமும் அதைத்தான் செய்கிறோம். ஆனால் அந்தப் பணம் திரும்ப வரும் என்று நம்பி வாங்கினால் அது ஏமாற்றம்தான். பெரும்பாலான ரீஇஷ்யூக்கள் கடையை விட்டு வெளியே வந்ததுமே புது பைக் மாதிரி விலை இறங்கும்.

இன்னொரு நுணுக்கம் உண்டு. கம்பெனிகள் பழைய கிட்டாரின் உண்மையை ஒரே தடவையில் தருவதில்லை, தவணை முறையில் தருகின்றன. கிப்சன் 1993 முதல் 1959 லெஸ் பாலைத் திரும்பச் செய்துவந்தது. 2013இல், கழுத்தை உடலோடு ஒட்டப் பழைய காலத்துப் பசையையே பயன்படுத்துகிறோம் என்று விளம்பரம் வந்தது. விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை அது. நம் பழைய ஆசாரிமார் வச்சிரம் என்பார்களே, அந்த இனம். சரி, அப்படியானால் அதற்கு முந்தைய இருபது வருடக் கிட்டார் எதில் ஒட்டியது? 2015இல் 'ட்ரூ ஹிஸ்டாரிக்' என்று ஒரு வரிசை. ட்ரூ என்றால் முன்னது என்ன? ஒவ்வொரு புதுத் தவணையும் முந்தைய தவணை வாங்கியவரை லேசாகக் குத்துகிறது. அண்ணாச்சியின் கிட்டாருக்கு வருடம் முக்கியமாவது இதனால்தான். 1959 என்பது எல்லாவற்றுக்கும் பொது. எந்தத் தவணை என்பதுதான் கேள்வி.

பழசாக்கி விற்பது அடுத்த கூத்து. புது வெண்கலச் சிலையை மண்ணில் புதைத்துப் பச்சை ஏற்றிப் பழசென்று விற்றால் போலீஸ் வரும். கிட்டாரில் அதுவே விலைப்பட்டியலில் தனி வரி. 1995இல் ஃபெண்டரின் கஸ்டம் ஷாப் 'ரெலிக்' என்று தொடங்கியது: பூச்சைச் சுரண்டி, ஸ்க்ரூவைத் துருவேற்றி, பிளாஸ்டிக்கை மஞ்சளாக்கித் தருவார்கள். தேய்மானம் கூடக்கூட விலையும் ஏறும். கேலி செய்வது சுலபம். ஆனால் கையில் எடுத்துப் பார்த்தால் ஒன்று புரியும். கழுத்தின் விளிம்பை வருடக்கணக்கில் கை தேய்த்தது போல உருட்டிவிட்டிருப்பார்கள். அந்த உருட்டல் விரலுக்கு உண்மையிலேயே சுகம். உடலில் உள்ள கீறலுக்கு நான் பத்து பைசா தர மாட்டேன், கழுத்துக்குத் தருவேன்.

எது காதுக்கு, எது கண்ணுக்கு, எது காகிதத்துக்கு என்று பிரித்துப் பார்க்காதவர் இந்தச் சந்தைக்குள் போகக் கூடாது. காதுக்கு என்றால் முதலில் பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம். ஒரு காந்தம், அதைச் சுற்றித் தலைமயிர் கனத்தில் செம்புக்கம்பி. ஒற்றைச் சுருள் பிக்கப் பக்கத்திலுள்ள மின்சார இரைச்சலையும் பிடிக்கும். கொடை மேடையில் சீரியல் செட் விளக்குக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாட்டிக்கொண்டு நின்றவருக்கு அந்த "ம்ம்ம்" சத்தத்தை விளக்க வேண்டாம். கிப்சனில் சேத் லவர் என்ற பொறியாளர் இரண்டு சுருளை எதிரெதிராக இணைத்து அந்த இரைச்சலை அடக்கினார். காப்புரிமைக்கு 1955இல் விண்ணப்பித்தார்கள். 'காப்புரிமைக்கு விண்ணப்பித்துள்ளது' என்று ஆங்கிலத்தில் ஒட்டிய ஸ்டிக்கரின் முதல் எழுத்துகளே பிஏஎஃப் என்ற பெயர் ஆனது. அன்றைய சுற்று இயந்திரம் எண்ணிக்கை வந்ததும் தானாக நிற்காது. சுமார் 5,000 சுற்று என்றாலும் ஒன்றில் கூடும், ஒன்றில் குறையும். அதனால் ஒவ்வொரு பிக்கப்புக்கும் ஒரு குரல். இன்று எல்லாவற்றையும் துல்லியமாகச் சுற்ற முடிகிற காலத்தில், அந்தத் துல்லியக் குறைவை வேண்டுமென்றே வரவழைக்கப் பாடுபடுகிறார்கள்.

மரத்தைப் பற்றிப் பேசினால் அண்ணாச்சி நிமிர்ந்து உட்காருவார். மரம் பழசானால் நாதம் கூடும் என்ற நம்பிக்கை நமக்குப் புதிதில்லை. காருகுறிச்சி அருணாசலத்தின் ஊர்ப்பக்கம் இது. நாகஸ்வரம் கடையும் நரசிங்கம்பேட்டை ஆசாரிமார், பழைய வீடு இடிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மர உத்தரத்தைத்தான் தேடுவார்கள். 1959 லெஸ் பாலில் பேச்செல்லாம் விரல்பலகையைப் பற்றி. அசலில் அது பிரேசில் நாட்டுத் தோதகத்தி. 1960களின் பிற்பகுதியில் அங்கிருந்து கட்டை வருவது நின்றுபோக, கிட்டார் கம்பெனிகள் இந்தியத் தோதகத்திக்கு மாறின. 1992இல் அருகிவரும் உயிரினங்களுக்கான சைட்டிஸ் ஒப்பந்தம் பிரேசில் மரத்தை முதல் பட்டியலில் வைத்தது, அதாவது ஏறத்தாழ முழுத் தடை. ஆக, அசலுக்கும் ரீஇஷ்யூவுக்கும் இடையே சேகரிப்பவர்கள் சொல்லும் பெரிய குறை என்ன? இந்திய மரம் போட்டிருப்பது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்கிற, ஈட்டி என்றும் சொல்கிற, நம் தாத்தாக்களின் கட்டிலுக்கும் பீரோவுக்கும் போன அதே மரம். அதை வெட்டக் கூடாது என்று 1990களில் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே போட்டார்கள். இங்கே பட்டா நிலத்தில் நின்றாலும் அனுமதியில்லாமல் கை வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டுக் காத்த மரத்தை, அங்கே "ம்ச், இந்தியன் தானா" என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

2003இல் கிப்சன் ஒரு பகுதி 1959 ரீஇஷ்யூக்களுக்குப் பிரேசில் மரத்தையே போட்டது. இன்று அவை தனி விலை. கூடவே தனித் தலைவலியும்: முதல் பட்டியல் மரம் என்பதால் உரிய காகிதம் இல்லாமல் நாட்டு எல்லை தாண்ட முடியாது. 2017இல் இந்திய மரம் உட்பட தோதகத்தி இனம் முழுவதையும் இரண்டாம் பட்டியலில் சேர்த்தபோது கிட்டார் வியாபாரமே திணறியது. 2019இல் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு வந்தது. பிரேசில் மரத்துக்கு அந்த விலக்கு கிடையாது. நாதத்தில் வித்தியாசம் உண்டா என்றால், கண்ணைக் கட்டிவிட்டு வாசித்துக் காட்டினால் என்னால் சொல்ல முடியாது. சொல்ல முடியும் என்பவர்களை ஒருதரம் கட்டிப் பார்க்க ஆசை.

நம் ஊரில் வைத்துக் காப்பாற்றுவது வேறு பாடு. அந்தச் சிவப்புச் சாயம் வெயில் பட்டால் வெளிறும். அசல் பர்ஸ்ட் பல எலுமிச்சை மஞ்சளாக நிற்பது கடை ஜன்னல் வெயிலில் கிடந்ததால்தான். சித்திரை மாதம் நெல்லை ஜங்ஷனில் பூட்டிய காருக்குள் ஒரு மத்தியானம் விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நைட்ரோ பூச்சு சில ரப்பர்களோடு சேராது; ஸ்டாண்டில் மாதக்கணக்கில் சாய்த்து வைத்தால் ரப்பர் பட்ட இடம் பிசுபிசுத்துத் தழும்பாகும். திருச்செந்தூர்ப் பக்கம் கடற்கரையில் வீடு என்றால் நிக்கல் பாகங்கள் மங்கும், காசு கொடுத்து ரெலிக் செய்ய வேண்டியதே இல்லை. ஐப்பசி அடைமழையில் கேஸ் மெத்தையில் பூஞ்சை பூக்கும்; சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, வெறிச்ச நாளில் திறந்து காற்றாட வைப்பதுதான் வழி. குற்றாலச் சாரல் காற்றில் கழுத்து வளைந்து, கோடையில் எதிர்ப்பக்கம் இழுக்கும். கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைக் கால் திருகு திருகத் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து ஆம்பும் சேர்த்துக் கொண்டுவருகிறவர்களுக்கு மட்டும் ஒன்று: அது 120 வோல்ட். நம் 230இல் நேராகச் செருகினால் புகையோடு கச்சேரி முடியும்.

சரி, வருடத்துக்கு வருவோம். ஃபெண்டரின் பழைய பாணிக் கிட்டாரில் சீரியல் எண் பெரும்பாலும் கழுத்தை இணைக்கும் உலோகத் தகட்டில் இருக்கும். நாலு ஸ்க்ரூ கழற்றினால் அந்தத் தகடு இன்னொரு கிட்டாருக்குக் குடி போய்விடும் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. கிப்சனின் 1959 ரீஇஷ்யூவில் எண் தலையின் பின்புறம் மையில் அச்சாகியிருக்கும். முதல் இலக்கம் எந்த மாடல் வருடம் என்பதன் கடைசி எண், அதாவது 9. அடுத்த இலக்கம் செய்த வருடத்தின் கடைசி எண். அண்ணாச்சியின் கிட்டாரில் 9, இடம் விட்டு, 4. நான்கு என்றால் 1994ஆக இருக்கலாம், 2004ஆக இருக்கலாம், 2014ஆகவும் இருக்கலாம். மூன்றும் மூன்று தவணை, மூன்று விலை.

கிட்டாரைக் கவிழ்த்துப் பாயில் வைத்தோம். பின்பக்கக் கறுப்பு மூடியின் ஸ்க்ரூக்களைச் சின்னத் திருப்புளியால் ஒவ்வொன்றாகக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தேன். செல்போன் டார்ச் வெளிச்சத்தில், வயர்களுக்குப் பின்னால் மரத்தில் 'ஆர்9' என்ற முத்திரை தெரிந்தது. 1959 ரீஇஷ்யூதான், சந்தேகமில்லை. வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் 'பாட்' (பொட்டென்ஷியோமீட்டர்) என்ற பாகத்தின் முதுகில் அது தயாரான ஆண்டும் வாரமும் எண்ணாகப் பொறித்திருப்பது வழக்கம். ஒன்றில் ஈயப்பற்று மூடியிருந்தது. இரண்டாவதில் சாய்த்துப் பார்த்தபோது படித்துவிட்டேன்.

"2004 அண்ணாச்சி."

"அப்போ அந்தப் பிரேசில் கட்டை போட்டது?"

"அது 2003."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கிட்டாரைத் திருப்பி, விரல்பலகையைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். "ஒரு வருசத்துல தப்பிச்சிட்டு. சரி போட்டும், நம்ம மலைக் கட்டைதான" என்று சிரித்தவர், சிரித்த சிரிப்பில் உள்ளங்கையைச் சாய்த்துவிட்டார். மூன்று ஸ்க்ரூ பாயிலேயே விழுந்தது. நான்காவதைக் காணோம். கீழே வேறு ஸ்க்ரூ நூறு இருக்கும், ஒன்று எடுத்துப் போட்டால் போயிற்று என்றேன். அவர் ஏற்கெனவே பாயின் ஓரத்தைத் தூக்கிக்கொண்டு முழங்காலிட்டிருந்தார்.

"என்ன தம்பி இப்படிச் சொல்லுதீய. ஒரிஜினல் ஸ்க்ரூ."

நானும் டார்ச்சைத் தரையோடு பிடித்துக் குனிந்தேன்.